ரிப்பனுக்கு ஓரடி முன்னால்

சன்னலோரத்த எனக்குக் கொஞ்சம் விட்டுக் குடுத்துருங்கக்கா. தப்பா நெனச்சுக்காதீங்க, கொமட்டிக்கிட்டு வருது. பஸ்ஸு ஒத்துக்காத ஆளு இல்ல நான். காலேஜ்ல படிக்கையில டீமோட ஊர் ஊரா போனவ, படிக்கட்டுல உக்காந்தெல்லாம் வந்திருக்கேன். இது வேற கொமட்டல். காலையில இருந்து ஒரு வாய்த் தண்ணி உள்ள எறங்கல.

ஆங், போதும். காத்து வருது. நல்லா இருப்பீங்க.

நான் டீச்சருக்கா. பி.டி. டீச்சர். பாத்தீங்களா, சொன்னதும் உங்களுக்கே ஒரு சிரிப்பு வருது. எல்லாரும் சிரிக்கத்தான் செய்வாங்க. "பி.டி.யா, அப்ப உங்களுக்கென்னங்க, நோட்டுத் திருத்துற வேலையில்ல, ஒண்ணுமில்ல"ம்பாங்க. எங்க ஸ்டாஃப் ரூம்லயே சொல்வாளுக. அவளுக டிபன் பாக்ஸத் தொறந்து வச்சுக்கிட்டு, ஒருத்தி சோத்துல ஒருத்தி கைய விட்டுத் தின்னுக்கிட்டே சொல்வாளுக. அந்த ரூமுக்குள்ள போனாலே எனக்குப் பழைய சாம்பார் நாத்தம் தொண்டையில ஏறிக்கிடும். நான் மாடிப்படிக்குக் கீழதான் உக்காந்து சாப்பிடுறது.

அஞ்சாப்பு வரைக்கும் உள்ள இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடம். அருப்புக்கோட்டைக்கு அங்கிட்டு. பேரு வேணாம்க்கா, சொன்னா வாய் கசக்கும்.

காலையில எட்டு மணிக்கு கேட்டுல நிக்கணும். நகம் வெட்டலையா, டை கட்டலையா, எண்ணெய் வைக்கலையா, எல்லாத்துக்கும் நான்தான் போலீஸ். லேட்டா வந்தா முட்டி போட வைக்கணும். அதுல நான் கண்டிப்புதான், அது வேற விசயம். பெறகு ப்ரேயர். அட்டென்சன், ஸ்டாண்ட் அட் ஈஸ். அது முடிஞ்சா, எந்த வகுப்புல எந்தப் பிள்ளை வாந்தி எடுத்தாலும் பி.டி. மிஸ்ஸக் கூப்பிடு. மூக்குல ரத்தம் வந்தா பி.டி. மிஸ். பல்லு விழுந்துருச்சா, பி.டி. மிஸ். ஒருநா யு.கே.ஜி. பையன் ஒருத்தன் டிரவுசர்லயே போயிட்டான். அந்த வகுப்பு மிஸ் மூக்கப் பொத்திக்கிட்டு வாசல்ல நின்னு என்னைக் கூப்பிடுறா. நான் டிவிசன் லெவல்ல நானூறு மீட்டர் ஓடுனவக்கா. யுனிவர்சிட்டி சர்ட்டிபிகேட் வச்சிருக்கேன்.

பந்து இருக்கு, இல்லைன்னு சொல்லல. நாலு கால்பந்து, வளையப்பந்து, ஸ்கிப்பிங் கயிறு எல்லாம் பீரோவுக்குள்ள இருக்கு, வாங்குன பிளாஸ்டிக் கவர் பிரிக்காம. அதிகாரிங்க பார்வையிட வந்தா வெளிய எடுத்து மேசை மேல அடுக்கணும், அவங்க போனதும் உள்ள வைக்கணும். பீரோ சாவி எச்.எம். மேடம் ஹேண்ட்பேக்ல. கிரவுண்டுன்னு ஒண்ணு இருக்கு. ஸ்கூல் வேன் அஞ்சும் அதுலதான் நிக்கும். மண்ணு பூரா ஆயிலு. ஒரு ஓரத்துல பையன்க பாத்ரூம். மத்தியான வெயில்ல அது கெளப்புற நாத்தத்துல மூச்சு இழுத்து எக்சர்சைஸ் பண்ணச் சொல்லணும் நானு.

வாரத்துக்கு ரெண்டு பி.டி. பீரியடு ஒரு வகுப்புக்கு. ஒண்ணக் கணக்கு மிஸ் புடுங்கிக்கிடுவா. போர்சன் முடியலையாம். இன்னொண்ணு ரைம்ஸ் போட்டி, மாறுவேசப் போட்டின்னு போயிரும். மிச்சம் மீதி கெடைக்கிறதுல என்ன பண்ண முடியும் சொல்லுங்க? நல்லா வெளையாடுற பத்துப் பிள்ளைகள ரெண்டா பிரிச்சு விடுவேன். மத்ததெல்லாம் ஓரமா வாயில வெரல வச்சுக்கிட்டு உக்காந்திருக்கணும். அதுக நொண்டியடிக்கவே கால் தடுமாறும். அதுகளோட மாரடிக்க என்னால ஆகாது. ஆனா ஒண்ணு, அந்தப் பத்துப் பேரு நல்லா வெளையாடும்.

முனீசு அப்படி வந்தவதான்.

அதோ தெரியுதா, டிரைவருக்குப் பின்னாடி மூணாவது சீட்டு, செவப்பு ரிப்பன் கட்டுன ரெட்டச் சடை? அதான். முனீஸ்வரி. பக்கத்துல அவ அம்மா ராக்கு. எங்க பள்ளிக்கூடத்து ஆயா. ஆயாவா இருந்தா, இப்ப இல்ல, அதுக்குத்தான் வர்றேன். அவளுக்குப் பக்கத்துல ஒரு எடம் இருந்துச்சுக்கா. நான் ஏறுனதும் பாத்தா. பாத்துட்டுப் பைய எடுத்து அந்த எடத்துல வச்சுட்டா. பைய வச்சுட்டாக்கா! அடுத்து ஒரு பாட்டி வந்ததும் பைய எடுத்து எடம் விட்டா. அவளுகள மதுரைக்குக் கூட்டிக்கிட்டுப் போனதே நானு.

இருங்க, மொதல்ல இருந்து சொல்றேன். கேக்க ஒரு ஆளு கெடச்சா போதும்னு இருக்கு.

ராக்கு மக எங்க பள்ளிக்கூடத்துலயே படிச்சா. ஆயா பிள்ளைங்கிறதால பீஸுல சலுகை. நாலாப்புல இருக்கும்போது ஒருநா சாயங்காலம் வேன் கெளம்பிருச்சு. எவனோ ஒருத்தன் டிபன் பைய விட்டுட்டுப் போயிட்டான். இந்தப் பிள்ளை அத எடுத்துக்கிட்டு ஓடுச்சு பாருங்க. செருப்பில்லாம, அந்த ஆயில் மண்ணுல. வேனு கேட்டத் தாண்டுறதுக்குள்ள சன்னல் வழியாப் பைய உள்ள போட்டுட்டுத் திரும்பி நடந்து வருது, மூச்சு வாங்கல. எனக்குக் கை காலெல்லாம் சிலுத்துருச்சுக்கா. பதினோரு வருச சர்வீஸ்ல அப்படி ஒரு காலு நான் பாத்ததில்ல.

அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல்னு இருக்குல்ல, ஆறாப்புல இருந்து எடுத்துக்கிடுவாங்க. சாப்பாடு, படிப்பு, ஷூ, கோச்சு, எல்லாம் அவங்களே. அதுல இவளச் சேத்து விட்டுறணும்னு. தெனமும் ராக்கு வகுப்பெல்லாம் கூட்டி முடிக்கிற வரைக்கும் நான் இருந்து ஓட விடுவேன். வீட்டுல பிள்ளைக ரெண்டும் தேடும், இருந்தும் இருப்பேன். ஸ்டார்ட்டு எப்படி எடுக்கணும், கைய எப்படி வீசணும், பார்வை எங்க இருக்கணும், எல்லாம் நான் சொல்லிக் குடுத்தது. இந்தப் பிள்ளைகிட்ட ஒரு கொணம், சொன்னா சொன்னதச் செய்யும். ஒருநா "போதும்னு சொல்ற வரைக்கும் ஓடு"ன்னுட்டு போன்ல பேசிக்கிட்டே மறந்துட்டேன். முக்கா மணி நேரம் ஓடிருக்கு. நிறுத்தல.

அஞ்சாப்பு வந்துச்சு. சனவரியில ஸ்போர்ட்ஸ் டே.

ஸ்போர்ட்ஸ் டேன்னா என்னன்னு நெனக்கிறீங்க? வெளையாட்டா? த்தூ. ஒரு மாசம் டிரில்லு. கைக்கு ரெண்டு காகிதப் பூவக் குடுத்து, பாட்டப் போட்டு, எரநூறு பிள்ளைகள வெயில்ல ஆட விடணும். மேல மாடியில இருந்து பாத்தா பள்ளிக்கூடத்துப் பேரு தெரியணுமாம். தாளாளர் மாடியில நின்னு "அந்த மூணாவது எழுத்து கோணுது"ம்பாரு. நான் கீழ ஓடுவேன். பிள்ளைக பொத்து பொத்துன்னு விழும். ஒரு பிள்ளை ரெண்டு தடவ வாந்தி எடுத்துச்சு. என்ன செய்ய, மூஞ்சியில தண்ணியத் தெளிச்சு ஓரமா உக்கார வச்சுட்டு, அந்த எடத்துக்கு வேற பிள்ளைய நிப்பாட்டினேன். எழுத்துல ஓட்டை விழக்கூடாதுல்ல.

ஓட்டப்பந்தயமும் உண்டு. அதுதான் ரொம்ப அசிங்கம். கேளுங்க. ஸ்போர்ட்ஸ் டேக்கு ஒரு வாரம் முன்னாடியே பிள்ளைகள ஓட விட்டு, யாரு பர்ஸ்ட்டு, யாரு செகண்டு, யாரு தேர்டுன்னு லிஸ்ட் எடுத்துருவோம். தமிழ் மிஸ்ஸுக்குக் கையெழுத்து அழகு. அவங்க உக்காந்து சர்ட்டிபிகேட் பூரா பேரெழுதி வச்சிருவாங்க. அன்னிக்கு மேடையில நேரம் இழுக்கக் கூடாதாம். சீப் கெஸ்ட் காத்துக்கிட்டு இருக்க மாட்டாராம். அப்புறம் அன்னிக்கு அப்பா அம்மா முன்னாடி அதே பிள்ளைகள அதே மாதிரி ஓட விடுவோம். பெரும்பாலும் மாறாது. மாறுனாலும் சர்ட்டிபிகேட்ல உள்ள பேருதான் கூப்பிடுவாங்க, கூட்டத்துல யாரு கவனிக்கிறா. எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் இப்படித்தானான்னு கேக்காதீங்க, எனக்குத் தெரிஞ்சது எங்களுது.

அந்த வருசம் அஞ்சாப்புப் பொம்பளப் பிள்ளைக அம்பது மீட்டர்ல ஆறு பேரு. முனீசு எல்லாரையும் பத்தடி பின்னால விட்டுட்டு வந்துருச்சு. லிஸ்ட எடுத்துக்கிட்டு எச்.எம். மேடம் ரூமுக்குப் போறேன். மேடம் பாக்கவேயில்ல. "தன்யஸ்ரீ எங்க?"ங்கிறாங்க. தன்யஸ்ரீ தாளாளர் பேத்தி. அது அஞ்சாவதா வந்துச்சு, ஆறாவது வந்த பிள்ளைக்குக் காய்ச்சல். "தாளாளர் சம்பந்தி வீட்டுல இருந்தெல்லாம் வர்றாங்க. தன்யா பர்ஸ்ட்டு. உங்க ஆயா மகளுக்கு வேணா செகண்டு போடுங்க"ன்னாங்க. சொல்லிட்டு டீயில மெதந்த எறும்ப வெரல்ல எடுத்துப் போட்டுட்டு அந்த டீயக் குடிக்கிறாங்க. நான் அந்த டம்ளரையே பாத்துக்கிட்டு நின்னேன். இவளும் ஒரு பொம்பளையா, ஒரு பிள்ளை வாயில மண்ணப் போடுறாளேன்னு.

லிஸ்ட மாத்தி எழுதுனது யாருன்னா கேக்குறீங்க? எழுதுனது நான்தான். கை என்னுது. எழுதச் சொன்னது யாரு?

சரி, பேர மாத்தியாச்சு. ஆனா அன்னிக்கு அத்தனை பேரு முன்னாடி இவ பத்தடி முன்னாடி வந்து நின்னான்னா? சம்பந்தி வீட்டுக்காரங்களுக்குக் கண்ணு இல்லையா? ராக்கு வேலைக்கு ஆபத்து. என் வேலைக்கும்தான், ஆனா நான் என்னை நெனைக்கல. அதனால முந்தின நாளு முனீச தண்ணித்தொட்டிகிட்ட கூப்பிட்டேன். "முனீசு, நாளைக்குத் தன்யா கடைசிக் கோட்டு ரிப்பனத் தொட்ட பெறகுதான் நீ தொடணும். செகண்டு வரணும். சரியா?"ன்னேன்.

"ஏன் மிஸ்?"னுச்சு.

"அம்மாவுக்கு நல்லது. நீ இதச் செஞ்சீன்னா, மே மாசம் உன்னைய மதுரைக்குப் பெரிய செலக்சனுக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன்."

கால் வெரலால தரையில ஒரு கோடு கிழிச்சுச்சு. அப்புறம், "சரி மிஸ்"னுச்சு. அம்புட்டுதான். அழுகல, ஒண்ணுமில்ல. அழுதிருந்தா நான் யோசிச்சிருப்பேன். அதுக்கே பெருசா தெரியல போலன்னு நெனச்சுக்கிட்டேன்.

மத்த நாலுகிட்டயும் சொல்லி வச்சேன். "தன்யாவுக்கு முன்னாடி யாரும் ரிப்பனத் தொடக் கூடாது, தொட்டா கிரவுண்டச் சுத்தி பத்து ரவுண்டு." பத்து ரவுண்டுன்னா எங்க பிள்ளைகளுக்குப் பயம்.

ஸ்போர்ட்ஸ் டே. சாமியானா, சேரு, மைக்கு. சீப் கெஸ்ட் நகைக்கடைக்காரரு, வெத்தலையக் கொதப்பிக்கிட்டே பிள்ளைகளோட ஒழுக்கத்தப் பத்திப் பேசுனாரு, மேடைக்கு முன்னாடி போட்ட கோலத்து மேல துப்புனாரு. நான் சுண்ணாம்புப் பவுடர்ல போட்ட கோட்டுல ஆறு பிள்ளைகளும் நிக்குது. தன்யாவுக்குப் புது ஷூ, அதுல வெளக்கு எரியுது. விசில் ஊதுனேன்.

பாதி தூரத்துல தன்யா விழுந்துருச்சுக்கா. ஷூ லேசு. குப்புற விழுந்து, எந்திரிக்காம, தரையில கெடந்து அழுகுது. விழுந்தா என்ன செய்யணும்னு நான் யாருக்கும் சொல்லலையே!

முனீசு போயி ரிப்பனுக்கு ஓரடி முன்னாடி நின்னுருச்சு. நின்னு, அட்டென்சன்ல, கைய ஒட்டி வச்சுக்கிட்டு. அடுத்து வந்தது அது பக்கத்துல நின்னுச்சு. அடுத்தது, அடுத்தது. அஞ்சு பிள்ளைகளும் ரிப்பனுக்கு முன்னாடி வரிசையா நிக்குதுக. ரேசன் கடையில நிக்கிற மாதிரி. ரிப்பனப் புடிச்சுக்கிட்டு ரெண்டு மிஸ்ஸுக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முழிக்கிறாளுக. மொதல்ல கூட்டம் சிரிச்சுச்சு. அப்புறம் சிரிப்பு நின்னுருச்சு. தாளாளர் சம்சாரம் சேர்ல இருந்து "எந்திரிம்மா தங்கம், எந்திரிச்சு ஓடும்மா"ன்னு கத்துறாங்க. தங்கம் மண்ணுல பொரண்டுக்கிட்டு இருக்கு. ஒரு பிள்ளை ரிப்பனத் தாண்டல. என் வாயில விசிலு இருக்கு, ஊத முடியல.

நகைக்கடைக்காரரு சும்மா இருந்திருக்கலாம்ல? கார்டுலெஸ் மைக்க எடுத்துக்கிட்டு எறங்கி வந்துட்டாரு. முனீசுகிட்ட குனிஞ்சு, "ஏம்மா, ஏன் எல்லாரும் நின்னுட்டீங்க?"ன்னு மைக்க நீட்டுறாரு.

"தன்யா தொட்ட பெறகுதான் தொடணும்னு பி.டி. மிஸ் சொன்னாங்க"னுச்சு. நாலு ஸ்பீக்கர்லயும் கேட்டுச்சு. ரோட்டுல போறவன்லாம் நின்னு பாத்தான்.

பொய்யா சொல்லுச்சு? இல்ல, உண்மைதான். ஆனா எனக்கு அன்னிக்கு அந்தப் பிள்ளை மேல வந்த ஆத்திரம் இருக்கே! அம்புட்டு மெனக்கெட்டுச் சொல்லிக் குடுத்தவள ஒரு வார்த்தையில காட்டிக் குடுத்துருச்சு. பின்னால வாடின்னுதானே சொன்னேன்? மரமா நில்லுன்னா சொன்னேன்? கூறு வேணாமா?

எச்.எம். மேடம் உடனே மைக்க வாங்கி, "உடற்கல்வி ஆசிரியை தன்னிச்சையா ஏதோ தவறாச் சொல்லிட்டாங்க போல"ன்னுட்டாங்க. தன்னிச்சையாவாம்! எறும்பு டீ குடிச்ச வாயி. மறுநா கூப்பிட்டு விளக்கக் கடிதம் எழுதுன்னாங்க. எப்படி எழுதணும்னும் அவங்களே சொன்னாங்க. நான் இடிச்சுக்காம ஓடணும்னு மட்டும்தான் பிள்ளைகள்ட்ட சொன்னேன், முனீஸ்வரிங்கிற மாணவி தப்பாப் புரிஞ்சுக்கிட்டு மேடையில பொய்யான தகவலச் சொல்லிட்டான்னு. எழுதிக் குடுத்தேன். ரெண்டு பிள்ளைக இருக்குக்கா எனக்கு. அவரு வேலைக்கும் சரியாப் போறதில்ல. அந்தப் பேப்பர எழுதும்போது எனக்கு எவ்வளவு அருவருப்பா இருந்துச்சு தெரியுமா? என்னை அப்படி எழுத வச்சாங்களே, அந்த அளவுக்கு அசிங்கம் புடிச்ச சனங்க.

அடுத்த வாரம் ராக்குவ நிப்பாட்டிட்டாங்க. பொய் சொல்ற பிள்ளைய வளத்தவளாம், பள்ளிக்கூடத்துல வச்சிருந்தா மத்த பிள்ளைக கெட்டுருமாம். அஞ்சாப்பு முடிக்கிற வரைக்கும் பிள்ளைய மட்டும் விட்டாங்க. அது மட்டும் கடைசி பெஞ்சில உக்காந்திருக்கும். யாரும் பேசுறதில்ல. "பொய்க்காரி"ன்னு கூப்பிடுதுகளாம். பிள்ளைகளப் பாருங்க, பெரியவங்களுக்கு மேல விசம். பி.டி. பீரியட்ல நான் அவளக் கூப்பிடலாம்தான். மேடம் சன்னல் வழியாப் பாப்பாங்க. அதனால அவளும் ஓரத்துல உக்காந்திருப்பா.

ராக்கு வந்து எங்கிட்ட சண்டை போடுவான்னு நெனச்சேன். போடல. ஏப்ரல்ல ஒருநா எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னா. "மிஸ்ஸு, செலக்சனுக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன்னு பிள்ளைகிட்ட சொன்னீகளாம். தெனம் கேக்குறா. எனக்கு இப்ப வேலையுமில்ல, ஆறாப்புக்கு எங்கிட்டுச் சேக்கன்னும் தெரியல. அந்த ஹாஸ்டல் கெடச்சா மூணு நேரச் சோறாவது நல்லாத் திம்பா"ன்னா. கடிதத்தப் பத்தி ஒரு பேச்சு இல்ல. தெரியாதோ என்னமோ. தெரிஞ்சுமிருக்கும்.

சொன்ன சொல்லக் காப்பாத்துற ஆளுக்கா நானு. செலக்சன் ஃபாரம் வாங்கி, பூர்த்தி பண்ணி, இன்னிக்குக் காலையில முதல் பஸ்ஸுக்கு ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு மதுரை வந்தேன்.

ஸ்டேடியத்துல பத்து மாவட்டத்துப் பிள்ளைக. கோச்சுகளெல்லாம் ட்ராக் சூட்டு, தொப்பி. எங்கூடக் காலேஜ்ல படிச்சவளுக ரெண்டு பேரு, பெரிய பள்ளிக்கூடத்துல இருக்காளுக, "என்னடி, இன்னும் அந்த நர்சரி ஸ்கூல்லயா"ன்னாளுக. நான் விசிலக் கழட்டிப் பைக்குள்ள போட்டுட்டேன். முனீசு நூறு மீட்டர் கோட்டுல நிக்குது. வெறுங்காலு. பக்கத்து லேன்ல எல்லாம் ஆணி வச்ச ஸ்பைக்ஸ் ஷூ. இருந்தும் எனக்கு நம்பிக்கைக்கா. இவ காலு எனக்குத் தெரியும்.

அப்ப இது திரும்பி, கோட்டுல இருந்தே, அம்புட்டு பேரு கேக்க, "மிஸ், இங்க யாரை முன்னாடி விடணும்?"னுச்சு.

எல்லாரும் சிரிச்சாங்க. எங்கூடப் படிச்சவளுக ரெண்டு பேரும் என்னையத் திரும்பிப் பாத்தாளுக. எனக்குக் காது, மூஞ்சியெல்லாம் எரிஞ்சுருச்சு. "யாரையும் விடாத! ஓடு!"ன்னு பல்லக் கடிச்சுக்கிட்டுச் சொன்னேன். "சரி மிஸ்"னுச்சு.

ஓடுச்சு. ஸ்டார்ட்டுலயே மூணு அடி முன்னாடி. அம்பது மீட்டர்ல ஆறு அடி. எழுபது, எம்பது மீட்டர். ரிப்பன் தெரியுது. அங்க வச்சு இது தலையத் திருப்புச்சுக்கா. திரும்பிப் பின்னால வர்ற பிள்ளைகளப் பாக்குது. காலு தானா தளருது. வேணும்னு இல்ல, எனக்குத் தெரியுது, அது வேணும்னு பண்ணல. ரிப்பனக் கண்டதும் அந்தக் காலு நிக்குது. ஒண்ணு தாண்டிப் போச்சு, ரெண்டு, மூணு, நாலு. அப்புறம் இது போச்சு. நாலு பேரத்தான் எடுக்குறாங்க.

செலக்டர் ஒரு வயசான அம்மா. வெயில்ல கருத்து, ஒல்லியா, கழுத்துல ஸ்டாப்வாட்ச். அவங்க நேரா இந்தப் பிள்ளைகிட்ட வந்து, குனிஞ்சு அதோட கெண்டைக்காலத் தொட்டுப் பாத்தாங்க. "என்னா காலு! எதுக்கும்மா திரும்பிப் பாத்த?"ன்னாங்க. அது திரும்பி என்னையப் பாத்துச்சு. அந்தம்மா நிமுந்து, "இந்தப் பிள்ளைய இப்படிப் பழக்குனது யாரு? இதுக்கு யாரு கோச்சு?"ன்னு கேட்டாங்க.

நான் ரெண்டடி தள்ளித்தான் நிக்கிறேன். எங்கூடப் படிச்சவளுக நிக்கிறாளுக. எல்லாரும் பாக்குறாங்க. "தெரியலைங்க மேடம், அம்மா கூட்டிட்டு வந்திருக்காங்க போல"ன்னேன்.

வாயில வந்துருச்சுக்கா. அம்புட்டுதான்.

அந்தம்மா உச்சுக்கொட்டுனாங்க. "கோச்சு இருந்திருந்தா, அவங்கள வச்சுப் பேசி, கடைசி பேட்ச்சோட இன்னொருதரம் ஓட விட்டுப் பாத்திருப்பேன். தனியா வந்த பிள்ளைய நான் என்ன செய்ய? அடுத்த வருசம் கூட்டிக்கிட்டு வாங்கம்மா"ன்னு ராக்குகிட்ட சொல்லிட்டு அடுத்த லேனுக்குப் போயிட்டாங்க.

சொன்னத எப்படித் திரும்ப வாங்குறது, சொல்லுங்க? ஓடிப்போயி, நான்தாங்க கோச்சுன்னா, மொதல்ல ஏன் இல்லைன்னேன்னு கேக்க மாட்டாங்களா? கடைசி பேட்ச் ஓடுறதுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்துச்சு. அந்த ஒரு மணி நேரமும் அங்கதான் நின்னேன். வெயில்ல. என் கஷ்டம் யாருக்குத் தெரியும்?

சரி, நான்தான் சொல்லல. ராக்கு? மக செருப்பக் கையில புடிச்சுக்கிட்டு எம்பக்கத்துலதான் நின்னா. "இந்தா நிக்கிறாங்களே, இவங்கதாங்க சொல்லிக் குடுத்தது"ன்னு ஒரு வார்த்தை அவ சொல்லியிருக்கக் கூடாதா? வாய் இல்லையா? பெத்தவதானே? அவ பாட்டுக்கு என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னா. கோவமும் இல்ல, ஒண்ணுமில்ல. சாக்கடையில ஏதோ மெதக்குறதப் பாக்குற மாதிரி ஒரு பார்வை. ஒரு வருசம், ஒரு பைசா வாங்காம, அவ மகள ஓட வச்சவ நான். அதுக்கு இந்த மரியாதை. அதான் சொல்றேன், கொமட்டுதுக்கா. எச்.எம்., தாளாளரு, நகைக்கடைக்காரன், ஆயா, எல்லாரும் ஒரே சாக்கடை. இந்தச் சனங்களுக்கு நல்லது செய்யப் போயி...

என்னக்கா, எந்திரிச்சிட்டீங்க?

இப்பத்தான் காரியாபட்டியே தாண்டுது. நீங்க அருப்புக்கோட்டைக்குத்தான டிக்கெட் எடுத்தீங்க? சன்னலோரம் வேணுமா? வாங்க, நான் இங்கிட்டு மாறிக்கிடுறேன், எனக்கு இப்பப் பரவாயில்ல. என்ன, முன்னாடி போறீங்களா? முன்னாடி எடமே இல்லக்கா, பாருங்க, கம்பியப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க அத்தன பேரு. இங்க உக்கார எடம் கெடக்குறப்ப, அருப்புக்கோட்டை வரைக்கும் நின்னுக்கிட்டேவா வரப் போறீங்க?